வண்ணம் கலக்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனி, ஞாயிறுகளில் ஓவிய வகுப்பு எடுக்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், பணி ஓய்வு பெற்ற பெரியவர்களும் வருவார்கள். யார் வந்தாலும் முதலில் படம் எழுதச் சொல்ல மாட்டேன். கொடியில் காயும் வெள்ளை வேட்டியைக் காட்டி, "அந்த நிழல் விழுந்த மடிப்பு என்ன நிறம்?" என்று கேட்பேன். "வெள்ளைதான் டீச்சர், கொஞ்சம் கறுப்பு கலந்த வெள்ளை" என்பதுதான் அநேகமாக எல்லோரும் சொல்லும் பதில்.

வேட்டி வெள்ளை என்பது நமக்குத் தெரியும். தெரிந்ததை மூளை கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. வெளிச்சம் எப்படி மாறினாலும் பொருளின் நிறம் மாறாதது போலக் காட்டுவது அதன் வேலை. காலையில் பழுத்ததாகத் தெரிந்த மாம்பழம் மாலையிலும் பழுத்ததாகவே தெரிய வேண்டும் அல்லவா? வாழ்க்கைக்கு இது பெரிய உதவி. படம் எழுதுகிறவருக்கோ இது பெரிய தடை. இந்தத் தடையைத் தாண்ட நான் சொல்லித்தரும் பயிற்சிகளை இங்கே எழுதுகிறேன். சார்ட் பேப்பர், கத்தரிக்கோல், போஸ்டர் கலர் அல்லது வாட்டர் கலர், கையில் இருக்கும் செல்போன், இவை போதும்.

எல்லாப் பயிற்சியிலும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். நான் பார்க்கும் இந்த நிறம் வெளிச்சம் செய்ததா, என் கண் செய்ததா? வெளிச்சம் செய்ததை நீங்கள் தீட்டியே ஆக வேண்டும். கண் செய்ததைத் தீட்ட வேண்டாம். படத்தைப் பார்க்கிறவரின் கண் அதைத் தானே செய்துகொள்ளும்.

ஓட்டை அட்டை

பழைய நோட்டுப் புத்தகத்தின் பின் அட்டை உள்பக்கம் சாம்பலாக இருக்கும். உள்ளங்கை அளவு வெட்டி நடுவில் பஞ்சிங் மெஷினால் ஓர் ஓட்டை போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி அட்டையைப் பிடித்து, ஓட்டை வழியாகப் பாருங்கள். அட்டையின் மேல் நேர் வெயில் விழக் கூடாது. விழுந்தால் ஓட்டைக்குள் தெரிவதெல்லாம் இருட்டாகத் தோன்றும்.

காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் வேட்டியின் வெயில் பக்கத்தை முதலில் பாருங்கள். இளமஞ்சளாக இருக்கும். அப்படியே மெதுவாக நகர்த்தி நிழல் மடிப்புக்கு வந்தால் நீலம் தெரியும், சந்தேகத்துக்கு இடமில்லாத சாம்பல் நீலம். அந்த மடிப்பில் சூரியன் படவில்லை, வானம் மட்டும்தான் பட்டுக்கொண்டிருக்கிறது. இன்னும் கீழே, தரைக்குப் பக்கத்தில் இருக்கும் மடிப்பைப் பாருங்கள். எங்கள் மாடியில் பதித்திருப்பது செம்மண் தட்டோடு. அதில் பட்டுத் திரும்பும் வெயில் வேட்டியின் அடிப்பாகத்தில் லேசாகச் சிவந்து நிற்கும். ஒரே வேட்டியில் மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு மூன்றும் இருக்கின்றன. இவை மூன்றும் வெளிச்சம் செய்தவை, எனவே தீட்ட வேண்டியவை.

அடுத்து, வெயிலில் கிடக்கும் வெறும் சிமெண்ட் தரையையும் வேட்டியின் ஆழ்ந்த நிழலையும் மாறி மாறி ஓட்டை வழியாகப் பாருங்கள். தரைதான் அதிக வெளிச்சமாக இருக்கும். பெரியவர்கள் இதை நம்ப மறுத்து அட்டையை மறுபடி மறுபடி வாங்கிப் பார்ப்பார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தைப் பலர் இணையத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் வெயிலில் உள்ள 'கறுப்பு'க் கட்டமும், உருளையின் நிழலில் உள்ள 'வெள்ளை'க் கட்டமும் அச்சில் ஒரே சாம்பல்தான். சுற்றியிருப்பதை மறைக்காதவரை, என்ன முயன்றாலும் ஒன்றாகத் தெரியாது. உங்கள் மொட்டைமாடியில் தினமும் நடப்பதும் அதுவேதான்.

கண் செய்வதைப் பார்க்க ஒரு மாலைப் பயிற்சி இருக்கிறது. பொழுது சாயும் நேரத்தில் ஜன்னலுக்கு அருகில் வெள்ளைத் தாளை வைத்து, எதிர்ப்பக்கம் மெழுகுவர்த்தியோ விளக்கோ ஏற்றி, நடுவில் பென்சிலை நிறுத்துங்கள். இரண்டு நிழல் விழும், ஒன்று ஆரஞ்சாகவும் மற்றது அழகான நீலமாகவும் தெரியும். ஜெர்மானியக் கவிஞர் கதே 1810இல் வெளியிட்ட வண்ண ஆய்வில் இந்த வண்ண நிழல்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். நீல நிழலை இப்போது ஓட்டை அட்டை வழியாகத் தனியாகப் பாருங்கள். நீலம் பெருமளவு வெளுத்துவிடும். சுற்றியிருக்கும் தாள் விளக்கொளியில் மஞ்சளானதால் கண் நிழலுக்கு நீலத்தைக் கூட்டிக் கொடுத்திருக்கிறது. கதேக்கு முன்பே, 1794இல், ரம்ஃபோர்ட் என்ற அறிவியலாளர் குழாய் வழியாகப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். வேட்டியின் நீலம் ஓட்டைக்குள்ளும் நின்றது, இந்த நீலம் நிற்கவில்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பக்கத்து நிறம் செய்யும் வேலை

ஒரே சாம்பல் சார்ட் தாளில் தபால்தலை அளவில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றதை வெள்ளைத் தாளின் நடுவிலும் வையுங்கள். கறுப்பின் மேல் இருப்பது வெளுத்தும் வெள்ளையின் மேல் இருப்பது கறுத்தும் தெரியும். பிறகு நிறங்களுக்கு மாறுங்கள். மண் மஞ்சள் நிறத் துண்டு ஒன்றைப் பளிச்சென்ற மஞ்சள் மேலும், அதே தாளில் வெட்டிய இன்னொன்றை அடர்நீலத்தின் மேலும் வைத்தால் இரண்டும் ஒரே தாள் என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இதை வண்ணம் தீட்டிச் செய்யாதீர்கள், காகிதத்தில்தான் செய்ய வேண்டும். தீட்டினால் கலவை மாறிவிட்டதோ என்ற சந்தேகம் வந்துவிடும். ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் வண்ண வகுப்பு எடுத்தபோது மாணவர்களை வண்ணக் காகிதங்களை வைத்தே வேலை செய்ய வைத்தார். அது மிகச் சரியான முறை என்று என் வகுப்பில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

இந்தப் பாடம் ஓவியர்களுக்கு வந்து சேர்ந்தது ஒரு சாயப்பட்டறையிலிருந்து. பாரிசில் கோப்லான் என்ற அரசு நெசவுக்கூடம் உண்டு, சித்திரத் திரைச்சீலைகளுக்குப் பேர்போனது. அங்கே 1824இல் சாயப் பிரிவின் தலைவராகச் சேர்ந்த வேதியியலாளர் மிஷேல் யூஜின் ஷெவ்ரலிடம் ஒரு புகார் வந்தது. நீலம், கத்தரிப்பூ நிறத் துணிமடிப்புகளின் நிழலுக்கு நெய்யும் கறுப்பு நூலில் கறுப்பே இல்லை என்றார்கள். அவர் மற்ற இடங்களின் கறுப்பு நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் இருந்த நீலம், அதன் எதிர் நிறமான ஆரஞ்சைக் கறுப்பின் மேல் ஏற்றி, கறுப்பைச் சோர்வாகக் காட்டியிருக்கிறது. 1839இல் அவர் எழுதி வெளியிட்ட புத்தகம் அடுத்த இரண்டு தலைமுறை ஓவியர்களின் கைகளில் புழங்கியது.

நம் வேலைக்கு இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் கிடைக்கின்றன. வெள்ளைப் பீங்கான் பேலட்டில் கலக்கும் எந்த நிறமும் இருப்பதைவிடக் கறுத்துத் தெரியும். வெள்ளைத் தாளில் வைக்கும் முதல் நிறத்துக்கும் அதே கதி. சரியாக வந்துவிட்டது என்று நம்பி மேலே போனால், சுற்றிலும் நிறம் நிரம்பிய பிறகு அது வெளுத்துத் தெரியும். எனவே போஸ்டர் கலரிலோ அக்ரிலிக்கிலோ எழுதும்போது, முதலில் தாள் முழுக்க எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளில் மெல்லிய வாஷ், அதாவது நீர்த்த பூச்சு, கொடுத்துவிடுங்கள். வாட்டர் கலரில், படத்திலேயே மிகக் கறுத்த இடம் எதுவோ அதைச் சீக்கிரமே ஒரு சிறு தீற்றலாக வைத்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். இரண்டாவது, ஒரு நிறம் சோபிக்கவில்லை என்றால் அதன் மேலேயே மேலும் மேலும் வண்ணம் ஏற்றாதீர்கள். பக்கத்தில் இருப்பதை மாற்றிப் பாருங்கள். மஞ்சள் பூ எடுப்பாக இல்லையா? பின்னால் இருக்கும் பச்சையில் கொஞ்சம் கத்தரிப்பூ நிறம் கலந்து மங்கலாக்குங்கள், பூவைத் தொடாமலேயே பூ மலர்ந்துவிடும்.

செம்பருத்தி ஏன் எடுக்கவில்லை

சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள், பக்கத்தில் வைத்தால் எடுக்கும் என்று படித்துவிட்டு வந்து பிள்ளைகள் செம்பருத்தி எழுதுவார்கள். அடர்பச்சை இலை, நல்ல சிவப்புப் பூ. தூர வைத்துப் பார்த்தால் பூ இலைக்குள் அமுங்கிப்போயிருக்கும். செல்போனில் படம் பிடித்து கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டுவேன். பூவும் இலையும் ஒரே சாம்பலாகிவிடும். நிறம் மாறியிருக்கிறது, டோன், அதாவது அந்த நிறம் எவ்வளவு வெளுப்பு, எவ்வளவு கறுப்பு என்பது, மாறவில்லை.

ஒரு பொருள் எங்கே முடிகிறது, எது முன்னால் இருக்கிறது, எது அசைகிறது என்பதையெல்லாம் மூளை முக்கியமாக டோனை வைத்தே கணிக்கிறது, நிறத்தைப் பெரிதாகக் கேட்பதில்லை. ஹார்வர்டில் பார்வை நரம்பியல் ஆராயும் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்குப் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஒரு படத்தை உதாரணம் காட்டுகிறார். லே ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் உதிப்பதை மோனே 1872இல் தீட்டியது, இம்ப்ரெஷனிசம் என்ற ஓவியப் பாணிக்கு அந்தப் பெயரே அதிலிருந்துதான் வந்தது. அதில் ஆரஞ்சுச் சூரியனும் சுற்றியுள்ள சாம்பல் வானமும் கிட்டத்தட்ட ஒரே டோன். கறுப்பு வெள்ளையில் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். நிறத்தைப் பார்க்கும் பகுதி 'இதோ சூரியன்' என்கிறது, இடத்தைக் கணிக்கும் பகுதிக்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை. அதனால்தான் அந்தச் சூரியன் ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பது போலத் தெரிகிறது.

இதை நீங்களும் பயன்படுத்தலாம். உறுதியாக நிற்க வேண்டிய விளிம்பில் டோனை மாற்றுங்கள். மினுமினுக்க வேண்டிய இடத்தில், உதாரணமாக மகாமகக் குளத்துத் தண்ணீரில் விழும் அந்தி வெளிச்சத்தில், டோனை ஒன்றாக வைத்து நிறத்தை மட்டும் மாற்றுங்கள்.

டோனைக் கண்டுபிடிக்க ஒரு பட்டை செய்துகொள்ளுங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்து, வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டம், நீளத் தாளில். அதை நிறத்தின் மேல் வைத்து, கண்ணைப் பாதி மூடி இடுக்கிப் பாருங்கள். எந்தக் கட்டத்தின் விளிம்பு கரைந்து மறைகிறதோ, அதுதான் அந்த நிறத்தின் டோன். பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சள் கலந்த பச்சை ஒளியை. அதனால் லெமன் யெல்லோ எப்போதும் பட்டையின் வெள்ளை முனைக்குப் பக்கத்தில் நிற்கும், அல்ட்ராமரின் நீலம் கறுப்பு முனைக்குப் போய்விடும். செல்போன் கணக்கும் கண் கணக்கும் சில சமயம், அதுவும் சிவப்பிலும் நீலத்திலும், கொஞ்சம் வேறுபடும். இரண்டும் முரண்பட்டால் கண்ணையே நம்புங்கள்.

இங்கே ஆசிரியர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் எந்தப் பையனாவது இலையைப் பழுப்பாகவும் மண்ணைப் பச்சையாகவும் தீட்டினால் திட்டாதீர்கள். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாத பார்வை ஆண்களிடம்தான் அதிகம், பிறவியிலேயே வருவது. அப்படிப்பட்ட பிள்ளைகள் டோனைப் பார்ப்பதில் கெட்டிக்காரர்களாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ட்யூப்களில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, டோனிலேயே படம் கட்டச் சொல்லுங்கள்.

மாநிறத் தோல்

"ஸ்கின் கலர் குடுங்க டீச்சர்" என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். அந்தப் பெயரில் விற்கும் வெளிர் ரோஜா நிறத்தில் கேட்கிற பிள்ளையின் கையும் இல்லை, என் கையும் இல்லை. ஆகவே இந்தப் பகுதியை நிதானமாகச் சொல்கிறேன்.

திண்ணையில் ஒருவரை, ஒரு பக்கம் தெரு வெளிச்சம் படும்படி உட்கார வையுங்கள். ஓட்டை அட்டையால் அவர் நெற்றியில் மினுங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே தோலின் நிறம் ரொம்பக் குறைவு. வானத்தின் நீலம்தான் எண்ணெய்ப் பசையில் பட்டு அப்படியே திரும்பி வருகிறது. தோல் கறுக்கக் கறுக்க இந்த நீலம் நன்றாகத் தெரியும். வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் இடத்தில் தோல் மிகச் சூடாக, செம்பழுப்பாக இருக்கும். காது மடலில் வெயில் பின்னாலிருந்து பட்டால் ரத்தச் சிவப்பே தெரியும். தாடைக்குக் கீழே, உடுத்தியிருக்கும் துணியின் நிறம் ஏறியிருக்கும்.

கலவைக்கு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரின், எல்லோ ஓக்கர், கொஞ்சம் கிரிம்சன் சிவப்பு போதும். பர்ன்ட் சியன்னாவில் அல்ட்ராமரினைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பழுப்பிலிருந்து ஆழ்ந்த சாம்பல் வரை எல்லா நிழலும் கிடைக்கும். கறுப்பு ட்யூபை முதல் சில மாதங்களுக்குப் பெட்டியிலேயே பூட்டி வையுங்கள். கறுப்பு கலந்த நிழலில் உயிர் இருக்காது. வெளிச்சப் பக்கத்துக்கும் வெறும் வெள்ளையைக் கலக்காதீர்கள், முகம் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். ஓக்கரைக் கூட்டி வெளிச்சமாக்குங்கள். நெற்றி மினுக்கத்துக்கு மட்டும் வெள்ளையில் துளி நீலம் சேர்த்து, ஒரே தீற்றலில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

அம்மா ஒருவர் மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே மஞ்சள் ஏறியிருக்கும், தோளருகே புடவைக்குப் பக்கத்துத் தோல் லேசான கத்தரிப்பூ நிறமாகவும் தோன்றும். ஓட்டை வழியாகப் பார்த்தால் தாடை மஞ்சள் நிற்கும், தோளின் கத்தரிப்பூ போய்விடும். முதலாவதைத் தீட்டுங்கள். இரண்டாவதை விட்டுவிடுங்கள். அதையும் தீட்டினால், பார்ப்பவரின் கண் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்க, தோள் அடிபட்டுக் கன்றியது போலத் தெரியும். பார்த்தபடி எல்லாவற்றையும் நகலெடுக்கும் ஓவியர் இப்படி மிகைப்படுத்திவிடுவார் என்று ஷெவ்ரலே எச்சரித்திருக்கிறார்.

கண் சோர்வும் அந்தியும்

சிவப்புச் சார்ட் துண்டை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள், நீலம் கலந்த பச்சையில் அதே துண்டு மிதக்கும். அரக்குப் புடவையை ஒரு மணி நேரம் தீட்டிய கண்ணும் இப்படித்தான் சிவப்பில் களைத்திருக்கும். சிவப்பு போதவில்லை என்று நினைத்து அள்ளிக் கொட்டுவீர்கள். மேசைக்குப் பக்கத்தில் சாம்பல் அட்டையை மாட்டிவைத்து அவ்வப்போது அதைப் பார்த்துக் கண்ணைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

அந்தியில் செம்பருத்திச் செடிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வெளிச்சம் குறையக் குறையச் சிவப்புதான் முதலில் சாகும். பூ கறுத்துப்போன பிறகும் இலை சாம்பல் பச்சையாக வெளிறித் தெரியும். கண்ணுக்குள் பகலில் வேலை செய்யும் கூம்பு செல்கள் ஓய்ந்து, மங்கலில் வேலை செய்யும் கோல் செல்கள் பொறுப்பேற்பதால் இது நடக்கிறது. கோல் செல்களுக்கு நீலம் கலந்த பச்சைதான் வெளிச்சம், சிவப்பு அவற்றுக்கு இருட்டு. செக் உடலியலாளர் பூர்கின்யே 1825இல் இதை எழுதிவைத்தார். இரவுக் காட்சி எழுதும்போது எல்லாவற்றின் மேலும் நீலத்தைப் பூசிவிட்டு, சிவப்புப் புடவையைச் சிவப்பாகவே விட்டுவிட்டால் அது இரவாகாது. விளக்கு படாத சிவப்பை எல்லாம் கறுப்புக்குப் பக்கத்தில் இறக்குங்கள். வெளிர்நீலத்தையும் பச்சையையும் ஒரு படி ஏற்றுங்கள்.

எந்த வெளிச்சத்தில் உட்காருவது

வடக்கு ஜன்னல் அருகே உட்கார்ந்து எழுதுங்கள், நேர் வெயில் வராது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அங்கே அது சரி. நமக்கு ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் பாதி தாண்டும் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களில் ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளை வேட்டித்துணியைத் திரையாகக் கட்டுங்கள். வண்ணத்திரை வேண்டாம், அறை முழுக்க அதன் நிறம் ஏறிவிடும்.

கடையில் எடுத்த புடவையை வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்ப்பார்களே, அந்தப் பழக்கம் ஓவியருக்கும் வேண்டும். இரண்டு வேறு கலவைகள் எல்.இ.டி. விளக்கில் ஒரே நிறமாகத் தெரிந்துவிட்டு, பகலில் தனித்தனியாகப் பிரிந்துவிடலாம். ராத்திரி எழுதியாக வேண்டும் என்றால், கலந்த நிறங்களின் சிறு தீற்றலை ஓரத் தாளில் எடுத்துவைத்து, காலையில் பார்த்த பிறகு பெரிய பரப்புகளை நிரப்புங்கள்.

முதல் முழுப்படம்

இத்தனையும் பழகியபின் ஒரு பரங்கிக்கீற்றை வெள்ளைத் துணி மேல் வைத்து, ஒரே தாளை மூன்றாக மடித்து, காலை ஏழு, நண்பகல், மாலை ஆறு என மூன்று முறை எழுதுங்கள். பென்சிலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். முதலில் கறுத்த இடம், அடுத்து துணியின் நிழல், அதன் பிறகு துணியில் ஏறியிருக்கும் பரங்கியின் ஆரஞ்சு, கடைசியாகத்தான் பரங்கி. ஒவ்வொரு நிறத்தையும் கலந்ததும் தூரிகை நுனியில் எடுத்து, ஓட்டை அட்டையின் விளிம்பில் தடவி, ஓட்டைக்குள் தெரியும் நிறத்தோடு ஒப்பிடுங்கள். மூன்றும் முடிந்ததும் சுவரில் மாட்டி, அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். எது எந்த நேரத்துப் படம் என்பதை வீட்டில் உள்ள வேறொருவரிடம் கேளுங்கள். அவர் சரியாகச் சொல்லிவிட்டால், அடுத்த வாரம் பரங்கியை எடுத்துவிட்டு வெறும் வெள்ளைத் துணியை மட்டும் வைத்து எழுதலாம்.